வாளின் ஜவ்ஹரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும்

அரபு மொழியில் வாளைக் குறிக்கும் பெயர்கள் பல. அவற்றுள் 'முஹன்னத்' என்னும் பெயரைக் கேட்கும்போது நமக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டாகிறது. ஹிந்த் என்னும் நாட்டுப் பெயரின் அடியாகப் பிறந்த சொல் அது. இந்திய இரும்பால் ஆன வாள் என்பது அதன் பொருள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன்னர்ப் பாடிய கவிதையிலும் அச்சொல் இடம் பெற்றிருக்கின்றது. அக்காலத்து அரபு மக்களுக்கு நல்ல வாள் என்றாலே நம் நாட்டு உருக்குத்தான் நினைவுக்கு வந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த உருக்கில் அப்படி என்னதான் இருந்தது? இந்த வினாவுக்கு விடை தேடியவர்களின் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதன் முடிவுரை இன்னும் எழுதப்படவில்லை. எனினும், ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2006-ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஆய்வு அதில் மிக முக்கியமான ஓர் அத்தியாயம். அதனை நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தவறைக் களைந்துவிடுவோம். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் ரிச்சர்டு மன்னரின் முன்னிலையில் பட்டுத் திண்டினை ஒரே வீச்சில் இரு கூறாக்கினார் என்றும், காற்றில் மிதந்த மெல்லிய திரையைத் தம் வாளால் அறுத்தார் என்றும் மேடைகளில் பேசுவோர் உண்டு; ஏடுகளில் எழுதுவோரும் உண்டு. இது வரலாறு அன்று. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1825-இல் வெளியிட்ட 'தாலிஸ்மன்' என்னும் புதினத்தில் வரும் கற்பனைக் காட்சி. ஸலாஹுத்தீனும் ரிச்சர்டும் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிபு. அந்த வாள்களின் உண்மைப் பெருமை கற்பனையின் துணை இல்லாமலே நிற்கக் கூடியது. ஆகவே அந்தக் கதையை ஸ்காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உண்மையான சான்றுகள் நம் பேரறிஞர்களின் நூல்களிலேயே உள்ளன. அப்பாஸியக் கலீபா முஃதஸிம் அவர்களின் காலத்தில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், தத்துவ ஞானி அல்கிந்தி வாள்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். எந்த நாட்டு இரும்பு எத்தகையது, அதன் நிறம் என்ன, மேற்பரப்பில் ஓடும் கோலம் எப்படி இருக்கும் என்றெல்லாம் ஒரு வணிகரின் கண்ணோடும் ஓர் ஆய்வாளரின் பொறுமையோடும் வகைப்படுத்துகிறார். யமன் வாள், ஹிந்த் வாள் ஆகியவற்றோடு ஸரந்தீப் வாளையும் அவர் பேசுகிறார். இதனைப் பலர் மிகைக் கூற்றாகவே கருதிவந்தனர். பின்னர், இலங்கை மலைநாட்டின் தென்சரிவில் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்பு உலைகளின் எச்சங்களைக் கில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து 1996-இல் வெளியிட்டார். அவ்வுலைகள் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலானவை. அல்கிந்தியின் காலம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றது!

அல்கிந்திக்குப் பின் வந்த அல்பிரூனி (973–1048) தம்முடைய 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் நூலில், இரும்பை மூசையிலிட்டு உருக்கும் முறையை விவரிக்கிறார். அரபியில் 'ஃபிரிந்த்' என்றும் பாரசீகத்தில் 'ஜவ்ஹர்' என்றும் சொல்லப்பட்டது, வாளின் முகத்தில் நீரோட்டம் போல் நெளியும் வரிகளைத்தான். ஜவ்ஹர் என்றால் மணி என்றும் உட்சாரம் என்றும் பொருள் கொள்ளலாம். பார்வைக்கு அழகு, உள்ளே சாரம் என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்தப் பட்டறைக்காரர்களின் சொல்லாட்சியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

தென்னிந்தியக் கொல்லர்கள் அந்த உருக்கை ஆக்கிய முறை சுருக்கமாக இதுதான். களிமண்ணோடு உமியைப் பிசைந்து சிறு மூசைகள் செய்வர். தேனிரும்புத் துண்டுகளை அதில் இட்டு, அவற்றோடு ஆவாரஞ் சுள்ளிகளையும் எருக்கிலைகளையும் வைத்து, வாயை மண்ணால் பூசி அடைப்பர். பல மூசைகளை உலையில் அடுக்கித் துருத்தி கொண்டு ஊதுவர். நெடுநேர வெப்பத்தில் சுள்ளியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பினுள் ஏறும், இரும்பு உருகும். பின்னர் மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளே ஓர் உருக்குக் கட்டி கிடைக்கும். இதையே 'வூட்ஸ்' என்று ஐரோப்பியர் எழுதினர். கன்னடத்து 'உக்கு' என்பதும் நம் 'உருக்கு' என்பதும் அச்சொல்லோடு உறவுடையவை. இக்கட்டிகளை வாங்கப் பாரசீக வணிகர்கள் கடல் கடந்து வந்தனர். தெலுங்கானத்துக் கோனசமுத்திரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற்கூட, இஸ்பஹான் நகரத்து வணிகர் ஒருவர் வந்து தங்கி, மேற்பார்வை செய்து, சரக்கு எடுத்துச் சென்றதை வாய்சி என்னும் ஆங்கிலேயர் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.

ஐரோப்பிய விஞ்ஞானிகள் இதன் மறைபொருளை அறிய முயன்றதும் ஒரு சுவையான கதையே. 1795-இல் ஜார்ஜ் பியர்ஸன் இலண்டன் ராயல் சொசைட்டியில் இந்த உருக்கைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன், 1819-இல் இந்த உருக்கைப் பகுத்துப் பார்த்தார். சிலிக்காவும் அலுமினாவுமே இதன் சிறப்புக்குக் காரணம் என முடிவு கட்டினார். அந்த முடிவு தவறு. பாரிஸ் நாணயச்சாலையைச் சேர்ந்த பிரெயான் என்பவர்தாம், இதில் கரியின் அளவு மிகுதி என்பதை 1820-களில் சரியாகச் சொன்னார். இக்காலக் கணக்கின்படி அந்த வாள்களில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கரி உண்டு. இவ்வளவு கரி ஏறிய உருக்கை ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி வெண்சூட்டில் வைத்து அடித்தால் அது நொறுங்கும். செஞ்சூட்டில் வைத்துப் பலமுறை பொறுமையாகத் தட்ட வேண்டும். அந்தப் பக்குவம் எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்ற வித்தை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது மறைந்தும் போயிற்று.

சாதாரண நுண்ணோக்கி காட்டியது என்ன? சுவிட்சர்லாந்து நாட்டுப் பயணியும் சேகரிப்பாளருமான ஹென்றி மோசர், மத்திய ஆசியாவிலும் பாரசீகத்திலும் திரட்டிய தம் ஆயுதச் செல்வத்தை 1914-இல் பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளித்தார். மோசரின் வாள்கள் சிலவற்றை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு சொக்கே என்னும் ஆய்வாளருக்குக் கிட்டியது. அவர் 1924-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். அரிய வாள்களை அறுப்பதா என்று நம் நெஞ்சு துணுக்குறுகிறது. ஆயினும் அன்று அறுபட்ட துண்டுகளே பிற்கால ஆய்வுகள் பலவற்றிற்கும் கைம்முதலாயின. இரும்போடு கரி சேர்ந்து உண்டாகும் 'சிமென்டைட்' என்ற மிகக் கடினமான சேர்மம், சிறு சிறு மணிகளாக, வரிசை வரிசையாக உருக்கினுள் அணிவகுத்து நிற்பது தெரிந்தது. அமிலம் தடவும்போது அந்த வரிசைகள் வெண்மையாகவும் ஏனைய பகுதி கருமையாகவும் தோன்றும். வாளின் ஜவ்ஹர் என்பது இந்த அணிவகுப்பே. ஆனால், மணிகள் ஏன் வரிசையில் நிற்கின்றன? மணிக்குள்ளே என்ன இருக்கின்றது? இங்கே ஒளி நின்றுவிட்டது.

ஒளி நின்றுவிட்டது என்பதை அணிக்காகச் சொல்லவில்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அலையின் பாதியளவுக்கும் குறைந்த பொருளை அந்த அலையைக் கொண்டு பிரித்துக் காண இயலாது. எனவே, கண்ணாடி வில்லையை எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளி நுண்ணோக்கி குருடாகிவிடும். ஓடும் எலெக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டென 1924-இல் டி பிராக்லி கூறினார். இரண்டு இலட்சம் வோல்ட் அழுத்தத்தில் விரையும் எலெக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர் மட்டுமே. கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்தச் சுருளே எலெக்ட்ரான் கற்றையை வளைத்துக் குவிக்கும்.

பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மாக்ஸ் க்னோலும் அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் 1931-இல் இவ்வழியில் முதற் கருவியை அமைத்தனர். அது பொருளைப் பதினேழு மடங்குதான் பெரிதாக்கிற்று! கடையில் வாங்கும் நல்ல பூதக்கண்ணாடிக்கு அது சமம். ஆனால் 1933-இல் ருஸ்கா அமைத்த அடுத்த கருவி ஒளி நுண்ணோக்கியை மிஞ்சிவிட்டது. அதில் வைத்த பருத்தி இழை கற்றையின் சூட்டில் கருகிற்று; அது கண்டு இக்கருவியால் யாது பயன் என்று ஐயுற்றோரும் உளர். அந்த ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்து சேர்ந்தது 1986-இல், அவருடைய எழுபத்தொன்பதாவது வயதில். ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உலோகத்தைப் பார்ப்பதில் வேறோர் இடையூறும் இருந்தது. எலெக்ட்ரான் கற்றை தடித்த பொருளை ஊடுருவாது. உலோகத்தை நூறு நானோமீட்டர் அளவுக்கேனும் மெலிதாக்கினால்தான் உள்ளே உள்ளது நிழலாடும். மெலிதாக்கும் கலை கைவந்த பின், 1956-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகிய மூவரும் அலுமினியத் தகட்டில் ஒரு காட்சியைக் கண்டனர். உலோகம் வளையும்போது அணு வரிசைகளில் ஏற்படும் பிறழ்ச்சிக் கோடுகள் கண்ணெதிரே நகர்ந்தன. அத்தகைய கோடுகள் இருக்க வேண்டும் என்று 1934-இல் மூன்று அறிஞர்கள் தனித்தனியே கணக்கிட்டுச் சொல்லியிருந்தனர். இருபத்திரண்டு ஆண்டுகள் வெறும் கொள்கையாக இருந்தது அன்று காட்சியாயிற்று. கொல்லன் உலையில் காய்ச்சி அடிக்கும் ஒவ்வோர் அடியும் இரும்புக்குள் என்ன செய்கின்றது என்பதை ஆய்வுக்கூடம் காணத் தொடங்கியது அப்போதுதான்.

டிரெஸ்டனுக்கு வருவோம். அப்பல்கலைக்கழகத்துப் படிக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் பாஃப்லரும், நுண்ணோக்கி ஆய்வாளர் மாரியன்னே ரைபோல்டும், அவர்களுடைய துணைவர்களும் பெர்ன் அருங்காட்சியகத்து வாள் ஒன்றின் துண்டைப் பெற்றனர். அந்த வாள் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செய்தவர் பெயர் அஸதுல்லாஹ். பாரசீகத்து ஷா அப்பாஸ் காலத்திலிருந்து புகழ் பெற்ற வாட்கொல்லர் பெயர் இது. 'அல்லாஹ்வின் சிங்கம்' என்னும் பொருளுடைய இப்பெயர் ஹம்ஸா (ரலி), அலி (ரலி) ஆகியோரின் சிறப்புப் பெயராகவும் வழங்குவதை வாசகர்கள் அறிவர். இதே பெயர் பொறித்த வாள்கள் உலக அருங்காட்சியகங்களில் ஏராளமாக உள்ளன. எல்லாம் ஒருவர் கையால் ஆனவை அல்ல. புகழ்பெற்ற பெயரைப் பிறரும் பொறித்திருக்க வேண்டும். போலி முத்திரை இக்காலத்துக் கடைத்தெருவில் மட்டுமா உள்ளது!

துண்டை மெலிதாக்கி எலெக்ட்ரான் கற்றையை ஊடே செலுத்தியபோது, சிமென்டைட் என்பது மணிகளாக மட்டுமன்றி நானோமீட்டர் அளவான மெல்லிய கம்பிகளாகவும் இருப்பது தெரிந்தது. இதனை அக்குழுவினர் 2004-இல் வெளியிட்டனர். அடுத்து, மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தனர். இரும்பு கரைந்தது. எஞ்சியதை மீண்டும் கருவியில் வைத்துப் பார்த்தனர். கரி அணுக்களால் ஆன நுண்குழாய்கள்! ஒன்றனுள் ஒன்றாகச் சுருண்ட பல சுவர்கள். சுவருக்கும் சுவருக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். பென்சில் கரியாகிய கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே உள்ள தொலைவும் அதுவே. சில குழாய்களுக்குள்ளே சிமென்டைட் கம்பியின் எச்சம் கரையாமல் இருந்தது. குழாய் உறைபோல் மூடிக் காத்ததனால் அமிலம் அதைத் தொடவில்லை என அவர்கள் கருதினர். 2006 நவம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு பக்க அளவில் இச்செய்தி வெளிவந்தது.

இந்தக் கரிக்குழாய்களை உலகம் அறிந்தது அண்மையில்தான். 1952-இல் சோவியத் நாட்டு ஆய்வாளர் இருவர் இவற்றின் படத்தை வெளியிட்டும் கவனிப்பாரில்லை. 1991-இல் ஜப்பானிய அறிஞர் இஜிமா எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு எழுதிய பின்னரே ஆய்வுலகம் விழித்தது. அத்தகைய பொருள் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய வாளில் கிடைத்தது என்றால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 'பண்டைக் கொல்லர்கள் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர்' என்று முரசறைந்தன. நம்மவரிலும் சிலர் அதனைப் பெருமையோடு திரும்பச் சொல்லிவருகின்றனர்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். டிரெஸ்டன் அறிஞர்கள் அவ்வாறு சொல்லவில்லை. மூசையிலிட்ட சுள்ளி, இலை, தாதுவில் இருந்த சிறு கலப்புகள், மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்தல் ஆகியவை கூடி இக்குழாய்கள் தாமே விளைந்திருக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. அஸதுல்லாஹ் இவற்றைக் கண்டதுமில்லை, கருதியதுமில்லை. மேலும், அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் இம்முடிவையே முழுதும் ஏற்கவில்லை. சிமென்டைட் தானே கோல் வடிவில் அமையக்கூடியது, அதைக் குழாய் எனக் கொள்வதற்கு எச்சரிக்கை வேண்டும் என்றார். நுண்ணோக்கிக் கருவிக்குள்ளேயே இத்தகைய குழாய்கள் கலந்துவிடுவதுண்டு என்று ஐயம் எழுப்பியோரும் உண்டு. ஆராயப்பட்டதோ ஒரு வாளின் சிறு துண்டு. வாளின் கூர்மைக்கும் உறுதிக்கும் குழாய்களே காரணம் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

வெர்ஹோவன் வெறுமனே மறுப்புரைத்தவர் அல்லர். ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே என்னும் கொல்லரோடு கூட்டுச் சேர்ந்து, மூசையில் உருக்கு ஆக்கி, அடித்து வாளாக்கி, அதே ஜவ்ஹரை வரவழைத்துக் காட்டியவர். ஒரு பேராசிரியர் உலைக்களத்தில் போய் நின்றதும், ஒரு கொல்லர் ஆய்வேட்டில் பெயர் பெற்றதும் நம் மனத்துக்கு மிகவும் உவந்த செய்தி. பெர்ன் நகரத்து வாள் துண்டுகளையும் தங்கள் பட்டறை வாள்களையும் ஒப்பிட்டு அவர்கள் 1998-இல் வெளியிட்ட முடிவு இது: வனேடியம், மாலிப்டினம் போன்ற தனிமங்கள் 0.02 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தாலே போதும். கட்டி உறையும்போது அவை குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கி நிற்கும். காய்ச்சி அடிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிமென்டைட் மணிகள் அத்தளங்களையே நாடி வரிசை கட்டும். அந்தக் கலப்பு இல்லாத இரும்பில் எவ்வளவு அடித்தாலும் ஜவ்ஹர் தோன்றாது.

இதிலிருந்து அவர்கள் ஓர் ஊகத்தையும் முன்வைத்தனர். வனேடியம் கலந்த தாது வெட்டிய இடங்கள் தீர்ந்து, வேறிடத்துத் தாதுவைக் கொண்டு கட்டிகள் செய்யப்பட்டபோது, கொல்லன் முன்போலவே அடித்தும் வரிகள் வரவில்லை. காரணம் அவனுக்கும் தெரியாது, அவன் தந்தைக்கும் தெரியாது. இரண்டொரு தலைமுறையில் வித்தை அற்றுப்போயிற்று. ஊகம் பொருத்தமானதே. ஆயினும், இது மட்டுமே காரணம் என்று கொள்ள நம் மனம் ஒருப்படவில்லை. துப்பாக்கி வந்தபின் வாளுக்கு மதிப்பு குறைந்தது; ஷெஃபீல்டின் மலிவான உருக்கு வந்து குவிந்தது; கரிக்கு மரம் வெட்டக் காடு கிட்டாமல் போயிற்று. நம் மஹ்மூது பந்தராகிய பரங்கிப்பேட்டையிலேயே, ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-இல் பேருலை அமைத்துச் சேலத்துத் தாதுவை உருக்கினார். அந்த ஆலையும் நிலைக்கவில்லை. சேலத்துக் கொல்லனின் சிற்றுலையும் மீண்டு எழவில்லை.

தமிழகத்தில் இவ்வாய்வு வெளிநாட்டாரோடு நின்றுவிடவும் இல்லை. மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகள் குவிந்து கிடப்பதை 1990-களில் சாரதா சீனிவாசன் என்னும் அறிஞர் கண்டறிந்தார். மூசை ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கடுகளவு உருக்குத் துளிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, கரி மிகுந்த அதே உயர்வகை உருக்கின் அமைப்பு அவற்றில் இருந்தது. உமியின் தடம் ஓட்டில் இன்னும் தெரிகிறது. பெர்ன் நகரத்துக் கண்ணாடிப் பேழைக்குள் உள்ள வாளில் அஸதுல்லாஹ்வின் பெயர் பொறித்திருக்கிறது. இந்த ஓடுகளில் பெயர் எதுவும் இல்லை.